மீட்டர் முள் 55-ல் நின்ற இன்ஜின்

விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு இன்ஜின் சூடு என்றாலே பயம். நடுக்கடலில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய், இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்த கதை இல்லாத துறைமுகம் இருக்காது. அந்தப் பயத்தில்தான் பலர் தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் தண்ணீர் சூடேறும் வரை அதை ஆறப் போகவிடாமல் தடுக்கும் வால்வை, கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். அதன் விளைவை ராமேஸ்வரத்தில் என் மாமா ஒருவரின் படகில் கூடவே இருந்து பார்த்தேன்.

அவருடைய டீசல் இன்ஜினுக்குள் சுற்றுவது நல்ல தண்ணீர். கடல்நீர் வெளியே தனியாக ஓடி அந்தத் தண்ணீரை ஆற்றும். இந்த வகை 80 டிகிரியை ஒட்டி ஓட வேண்டும். ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்ட பிறகு சூடு காட்டும் மீட்டரின் முள் 55-ஐத் தாண்டவில்லை. மாமாவுக்கு அதில் நிம்மதி. சில மாதம் கழித்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் காட்டி, "பாத்தியா மாப்ள, ஆயில் குறையவே இல்ல, ஏறித்தான் இருக்கு" என்றார். மோந்து பார்த்தால் டீசல் வாடை. சூடு போதாத சிலிண்டரில் டீசல் முழுக்க எரியாது. எரியாதது லைனர் (சிலிண்டரின் உட்சுவர்) வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும், ஆயில் நீர்த்துப்போகும், பேரிங்குகள் தேயும்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரையிலான மீன்பிடி தடைக்காலத்தில் இன்ஜினைப் பிரித்தோம். லைனர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது, ஆயில் தங்குவதற்கான கோடுகளே இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் கரி பிடித்து அசையாமல் கிடந்தன. சூடேறி ஒரு நாளும் நிற்காத இன்ஜினுக்கு இந்தக் கதி!

லைனரும் ரிங்கும் மாற்றி, புது தெர்மோஸ்டாட் போட்டு அனுப்பினோம். கரை தாண்டியதுமே போன்: "82-ல நிக்குது மாப்ள, நிப்பாட்டவா?" அதுதான் அதன் இடம், பயப்படாமல் போங்கள் என்றேன். நம்புவதற்கு அவருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால், தண்ணீரில் ஒரு பகுதி ஆறாமலே குறுக்கு வழியில் திரும்பிவிடும். லோடு ஏறும்போது அதுவே ஓவர்ஹீட்டில் கொண்டுபோய் விடும்.

ஆனால் எல்லா இன்ஜினுக்கும் 80 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடல்நீரே நேராக உள்ளே ஓடும் இன்ஜின் 60 டிகிரி வாக்கில்தான் ஓட வேண்டும். அதற்கு மேல் ரொம்ப ஏறினால் உப்புப் படிந்து தண்ணீர் வழி அடைத்துவிடும். உங்கள் இன்ஜின் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், சூடேற்றுவது. ஐஸ் ஏற்றி முடியும் வரை படகுத்துறையிலேயே ஸ்லோவில் ஓடவிடும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. லோடு இல்லாமல் ஓடும் டீசல் லேசில் சூடேறாது, கரிதான் சேரும். நம் பக்கம் கடல்நீரே 28, 30 டிகிரி. ஆயில் பிரஷர் ஏறி நிலையாக நின்று, வெளியே தண்ணீர் சீராக விழுவதைப் பார்த்துவிட்டால் சில நிமிடத்தில் கயிற்றை அவிழ்த்துவிடலாம். கியர் போட்டு மெதுவாகப் போய், முள் ஏறிய பிறகு ஆக்சிலேட்டரைக் கூட்டுங்கள். நியூட்ரலில் ரேஸ் பண்ணுவதுதான் மிகக் கெடுதல். அலுமினிய பிஸ்டன் லைனரைவிட வேகமாகச் சூடாகி விரியும், இடைவெளி குறைந்து உரசிக் கீறல் விழும்.

ஃபைபர் படகில் மண்ணெண்ணெய் மோட்டார் வைத்திருக்கும் நண்பனுக்கு இதெல்லாம் சொல்லாமலே பழக்கம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்வான், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவான். குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாதே. கரைக்கு வரும் கடைசி நேரத்தில் மறுபடி பெட்ரோல், அப்போதுதான் அடுத்த நாள் சிரமமில்லாமல் பிடிக்கும்.

இப்போது மாமா பார்ப்பது முள் எங்கே நிற்கிறது என்பதைவிட, வழக்கமான இடத்திலிருந்து நகர்கிறதா என்பதைத்தான். 82-லேயே நிற்பது 90-ஐத் தொட்டால் வேகத்தைக் குறைத்துவிட்டு முதலில் கடல்நீர் வடிகட்டியைத் திறக்கிறார். பிளாஸ்டிக் பையோ சொறி எனும் ஜெல்லி மீனோ அடைத்திருக்கும். அது சுத்தமாக இருந்தால் அடுத்தது கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர், தண்ணீரைத் தள்ளும் சக்கரம். கொதிக்கிற இன்ஜினின் தண்ணீர் மூடியை மட்டும் ஆறும்வரை யாரையும் தொட விடுவதில்லை.