கொழுப்பு சதவீதம்: அளந்தவர்களும் அளக்கப்பட்டவர்களும் எழுதுங்கள்

காலிப்பர் கை:
எம்.பி.எட். (உடற்கல்வி முதுகலை) ஆய்வுக்காகப் பல்கலைக்கழக அணிகளுக்குத் தோல் மடிப்பு எடுத்திருக்கிறேன். தோலை அடிக்கொழுப்போடு கிள்ளிப் பிடித்து, காலிப்பர் என்ற இடுக்கிக் கருவியால் தடிமனை அளப்பதுதான் அது. ஆண்களுக்கு மார்பு, வயிறு, தொடை. பெண்களுக்கு மேல்கையின் பின்புறம், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, தொடை. (பெண்களுக்கு எடுத்தது வகுப்புத் தோழி ஒருவர்.) மடிப்பிலிருந்து கொழுப்பைக் கணக்கிடும் சூத்திரமும் வேறு வேறு: ஆய்வாளர்கள் ஜாக்சனும் பொல்லாக்கும் ஆண்களுக்கானதை 1978-இல் வெளியிட்டார்கள், பெண்களுக்கானது 1980-இல் வந்தது.

நினைவில் நிற்பவர் குண்டு எறிதல் வீராங்கனை ஒருவர். 165 செ.மீ. உயரம், 80 கிலோ. பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 29-ஐத் தாண்டும். அட்டவணையை மட்டும் பார்க்கிற டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லிவிடுவார். ஓட்டக்காரிகளைவிட அவருக்குக் கொழுப்பு அதிகம்தான். ஆனால் தசையும் எவ்வளவோ அதிகம், அந்த எடை இல்லாமல் குண்டு தூரம் போகாது. அடுத்து வந்து நின்றவர் 5000 மீட்டர் ஓடுபவர். இருவரும் ஒரே விடுதி மெஸ்ஸில் சாப்பிடுபவர்கள் என்றால் நம்ப முடியாது! நீச்சல்காரர்கள் இன்னொரு ரகம். பயிற்சியில் ஓட்டக்காரர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை, ஆனாலும் மடிப்பு சற்றுத் தடிமனாக வரும். தண்ணீர் உடலைத் தாங்கிக்கொள்வதால் அங்கே கொழுப்பு அவ்வளவு பாரமில்லை.

நெடுந்தூரக்காரி:
அண்ணா, அந்த 5000 மீட்டர் கூட்டத்தில் நானும் ஒருத்தி. வேறு ஊர், வேறு அணி. எங்கள் கோச் ஆண், பெண் எல்லோருக்கும் 10 சதவீதம் என்று போர்டில் எழுதிப்போட்டார். பையன்கள் பாதிப் பேர் அப்போதே அதற்குக் கீழே இருந்தார்கள். எனக்கு 52 கிலோ, 20 சதவீதம். பெண்ணுடம்பு இயங்கவே 12 சதவீதம் போலக் கொழுப்பு வேண்டும், ஆணுக்கு 3 போதும் என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை அவரிடம் யார் சொல்வது? ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். முதலில் நேரம் குறைந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். அப்புறம் மாதவிடாய் நின்றது. அதைக்கூட "நல்லா டிரெயின் ஆகுற, அதான்" என்றார் ஒரு சீனியர். கடைசியில் கணைக்கால் எலும்பில் விரிசல். ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாததால் வரும் இந்தக் கேட்டுக்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்து எச்சரித்திருக்கிறது என்பதை எலும்பு டாக்டர் சொல்லித்தான் அறிந்தேன். அவர் எழுதித் தந்த மருந்து பெரும்பாலும் சோறும் முட்டையும்தான்.

இடது கார்னர்:
கபடியில் கதையே வேறு. கார்னருக்கு, அதாவது ஓரத்தில் நின்று பிடிப்பவருக்கு, பிடி விடாத கனம் வேண்டும், ஆனால் எடை வரம்பையும் தாண்டக் கூடாது. வெயிட் எடுக்கும் நாளுக்கு முன்பு தண்ணீர் குடிக்காமல், ஸ்வெட்டர் போட்டு ஓடுவோம். ஒருமுறை அந்த நிலையிலேயே ஜிம்மில் இருந்த, கொழுப்பு அளக்கும் கரன்ட் மெஷினில் ஏறினேன். எடை இறங்கியிருந்தது, கொழுப்பு சதவீதமோ ஏறியிருந்தது! மெஷின் ரிப்பேர் என்று திட்டிவிட்டு இறங்கினேன்.

காலிப்பர் கை:
மெஷின் சரியாகத்தான் இருந்திருக்கும். அது உடம்புக்குள் சின்ன மின்சாரத்தை விட்டு, தடை எவ்வளவு என்று பார்த்துக் கணக்கிடுகிறது. தண்ணீர் குறைந்தால் தடை கூடும், அதைக் கொழுப்பு என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் இறக்கியது தண்ணீரை.

விசில் மாஸ்டர்:
தம்பி, அந்த ஸ்வெட்டர் ஓட்டம் வேண்டாம். 1997 கடைசியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் 3 பேர் இப்படித்தான் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் 5 சதவீதக் கொழுப்புக்குக் கீழே போகும் எடைப் பிரிவில் இறங்கக் கூடாது என்று அங்கே விதி வந்தது. பள்ளி அளவில் பையன்களுக்கு 7, பெண்களுக்கு 12. கவனியுங்கள், அதெல்லாம் குறைந்தபட்ச வரம்பு. நம் ஊர் போர்டில் எழுதுவது எல்லாம் இலக்கு.

நெடுந்தூரக்காரி:
சார், இதை எங்கள் பழைய வாட்ஸ்அப் குரூப்பில் போடட்டுமா? கோச்சும் அதில் இருக்கிறார்.

விசில் மாஸ்டர்:
தாராளமாகப் போடும்மா.