“அந்த அண்ணன்தானே தட்டிவிட்டார்?” என்று நான் கேட்ட கேள்வி

மழலையர் பள்ளி ஆசிரியை:
பதினொரு ஆண்டுகளாகக் குழந்தைகளுடன் இருக்கும் நான், சென்ற ஆண்டு செய்த ஒரு தவற்றை மறைக்காமல் எழுதுகிறேன். மதியத் தூக்கம் முடிந்த வேளையில் எங்கள் வகுப்பின் மீன் தொட்டி விழுந்து உடைந்திருந்தது. விழித்திருந்த நான்கு வயதுச் சிறுமியிடம், “தண்ணீர்க் கேன் போடும் அண்ணன்தானே தட்டிவிட்டார்?” என்றேன். “தெரியாது மிஸ்” என்றாள். அடுத்த இரண்டு நாளும் அதையே வேறு வேறு விதமாகக் கேட்டேன். மூன்றாம் நாள், அவர் கேனைத் தோளில் வைத்து வேகமாக வந்ததையும், தொட்டியில் இடித்ததையும், மீன் தரையில் துள்ளியதையும் கையசைத்து விவரித்தாள். அவரை இனி வர வேண்டாமென்று சொல்லிவிட்டோம். தொட்டி உடைந்த அன்று மாலையே ஊருக்குப் போயிருந்த ஆயாம்மா திரும்பி வந்து, பலகை சரிந்து தொட்டி விழுந்ததைத் தாம் கண்ணால் பார்த்ததாகச் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அந்த இளைஞரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். சிறுமியோ இன்றும், “நான் பார்த்தேன் மிஸ்” என்றே சொல்கிறாள்.

உளவியல் மாணவர்:
அக்கா, அவள் பொய் சொல்லவில்லை. 1995இல் லைக்ட்மன், சிசி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், சாம் ஸ்டோன் என்பவர் குழந்தைகள் காப்பகத்துக்கு வந்து, எதையும் சேதப்படுத்தாமல் இரண்டு நிமிடத்தில் போய்விடுவார். அவர் எதையும் உடைப்பவர் என்று முன்பே சொல்லி வைத்து, பின்னர் வாரக்கணக்கில் தூண்டும் கேள்விகளையும் கேட்டபோது, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளில் 72 சதவீதத்தினர் புத்தகத்தையோ கரடி பொம்மையையோ அவர் பாழாக்கியதாகச் சொன்னார்கள். கண்ணால் பார்த்ததாகவே 44 சதவீதத்தினர் கூறினர். கேட்ட செய்தி மனத்தில் தங்கிவிடுகிறது, அது எங்கிருந்து வந்தது என்பது மறந்துவிடுகிறது.

வழக்கறிஞர்:
இதைப் படித்துவிட்டுக் குழந்தையின் சாட்சியமே நம்பத் தகாதது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பழுது பெரும்பாலும் கேட்பவரிடம் இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 33ஆம் பிரிவு, வழக்கறிஞர்களின் கேள்விகளை நீதிபதி வழியாகவே குழந்தையிடம் கேட்க வைப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீதிமன்றத்துக்கு வருமுன்பே வீட்டில் கேள்விகள் தொடங்கிவிடுகின்றன. நான் நடத்திய ஒரு விபத்து வழக்கில், முதல் வாக்குமூலத்தில் ஐந்து வயதுச் சிறுவன் “பெரிய வண்டி” என்று மட்டுமே சொல்லியிருந்தான். சாட்சிக் கூண்டில் அது “மஞ்சள் லாரி” ஆகியிருந்தது. மஞ்சள் என்று அவனுக்கு யார் சொன்னார்கள் என்று நீதிபதி மெதுவாகக் கேட்டதும், அவன் சற்றும் தயங்காமல் தன் மாமாவைக் கை காட்டினான்.