கதை பாதியில் நின்றால் நீங்கள் என்ன செய்தீர்கள்? என் அனுபவம் இது

காஞ்சிபுரத்துத் தறிக்காரர் ஒருவரை வைத்து எழுதிக்கொண்டிருந்த சிறுகதை நடுவில் நின்றுபோனது. மகளுக்குச் சென்னையில் கல்லூரி இடம் கிடைத்திருக்கிறது, அதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். காட்சி அவ்வளவுதான். அப்பா கத்துகிறார் என்று எழுதினால் சினிமாவில் பார்த்ததாக இருந்தது. கண்கலங்கி ஆசீர்வாதம் செய்கிறார் என்று எழுதினால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. முதல் பத்தியை மட்டும் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தேன். விடிகாலையில் எழுந்து பார்த்தேன், நடந்து பார்த்தேன், கதையைக் கொஞ்ச நாள் ஆறப் போட்டும் பார்த்தேன். திரும்பி வந்தால் அதே வரியில்தான் நின்றது.

கடைசியில் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் தூரத்துச் சொந்தம், சித்தப்பா முறை, அவர் வீட்டுக்குப் போய்த் தறி பக்கத்தில் உட்கார்ந்தேன். தறிக்குக் கீழே இருக்கும் குழியில் காலை விட்டு மிதித்துக்கொண்டிருந்தார். கோர்வைப் புடவை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம், கரைக்குத் தனி நாடா (குறுக்கு நூலை ஓட்டுகிற கட்டை). ஒவ்வொரு ஊடைக்கும், அதாவது குறுக்கே ஓடுகிற ஒவ்வொரு இழைக்கும், உடம்பு நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆளால் ஆகிற காரியமில்லை. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளுவதற்குச் சித்தி கூடவே உட்கார்ந்திருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை, கைகள் மட்டும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன. அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்ததும் சித்தி எழுந்து போனார். தறி நின்றது. சித்தப்பா கையை மரத்தில் வைத்தபடி காத்திருந்தார்.

"சித்தி ஊருக்குப் போயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"வேற ஆள் வைக்கணும். இல்லன்னா கோர்வை இல்லாத பொடவைதான். கூலி கம்மி."

பஸ்ஸில் திரும்பும்போதே காட்சி வந்துவிட்டது. என் கதையில் அந்த இன்னொரு பக்கத்தில் உட்காருகிறவள் மகள்தான். அவள் போனால் வீட்டில் கோர்வை நெய்ய முடியாது. இது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆகவே கத்தலும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூலான பாவைக் கொடுக்கும் முதலாளியிடம் அப்பா போய், "அடுத்த பாவு சாதா பாவா குடுத்துடுங்க" என்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அப்பாவுக்கு வசனமே தேவைப்படவில்லை. மீதிக் கதை தடங்கலில்லாமல் வந்தது.

எழுத வரவில்லை என்று நாம் மனதைக் குறை சொல்கிற நேரங்களில் பாதிக்கு மேல், பாத்திரத்தின் கைகள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று நமக்குத் தெரியாததுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். உங்களுக்கு எப்படி?

வால்பாறையிலிருந்து:

அக்கா, எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. நான் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். கொழுந்து பறிப்பது, எடை போடுவது, அட்டைக் கடி எல்லாம் தெரியும். தெரிந்தும் ஒரு வரி வரவில்லை. எழுத உட்கார்ந்ததும் என் தமிழ் பாடப்புத்தகத் தமிழாகிவிடும், என் கதையில் வரும் பாட்டி அதில் பேசமாட்டாள். என்னை மீட்டது தங்கச்சி. போனில் அவளிடம் கதையைச் சொன்னேன், சொல்வதைப் பதிவு செய்து பிறகு கேட்டு எழுதினேன். நடுவில் அவள் "அப்புறம்?" என்று கேட்ட இடங்கள் நன்றாக இருந்தன. "ம்" என்று மட்டும் சொன்ன இடங்களை வெட்டிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய ஆங்கில நாவலாசிரியர் ஆந்தணி டிராலப், மொத்தம் 47 நாவல்கள் எழுதியவர். கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை எழுதினார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எழுதத் தொடங்கும் முன் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதை வாசித்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்குப் பலன் தந்தது அந்த அரை மணிதான். நேற்றைய பக்கத்தைச் சத்தமாக வாசித்தால், பாட்டியின் குரல் காதில் இருக்கும்போதே அடுத்த வரிக்குப் போய்விட முடிகிறது.

நாமக்கல்லிலிருந்து:

எனக்கு வந்த தடை பயம். குடும்பத்தில் நடந்த ஒரு சொத்துத் தகராறை எழுதத் தொடங்கி, பெரியப்பா படித்தால் என்ன ஆகும் என்ற நினைப்பிலேயே கை நின்றது. அப்போது எனக்குத் தெம்பு தந்தது எழுத்தாளர் பெருமாள்முருகன் திரும்பி வந்த விதம். 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில் எழுத்தை விட்டுவிடுவதாக அறிவித்தவர், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தபின் முதலில் கவிதைகளோடு வந்தார். அடுத்து வந்த நாவல் ஒரு வெள்ளாட்டைப் பற்றியது. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி என்றால் அதைவிட அச்சம் என்று அதன் முன்னுரையிலேயே சொல்கிறார். அவர் பட்டதோடு என் சங்கடத்தை ஒப்பிடவே முடியாது. ஆனால் பயம் போகட்டும் என்று காத்திருக்காமல், பயத்தை வைத்துக்கொண்டே எழுதக்கூடிய வழி ஒன்று இருக்கும் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். நிலத்தை லாரியாக மாற்றினேன், அண்ணன் தம்பிகளைப் பங்காளிகளாக இல்லாமல் தொழில் கூட்டாளிகளாக ஆக்கினேன். கோபம் மட்டும் அப்படியே இருந்தது. எழுதி முடித்துவிட்டேன்.

முதலில் எழுதியவர்:

வால்பாறைத் தங்கச்சி சொல்வது சரி, தெரிந்தவர்களுக்குத் தடை வேறு இடத்தில் வருகிறது. நாமக்கல் தம்பி சொன்ன பயத்துக்கு என் வழி உதவாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரியாத உலகத்தை எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். போய் உட்காருங்கள், "உங்க கஷ்டம் என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். பேட்டிக்குச் சொல்கிற பதில்தான் வரும். "கடைசியா வேலை எதனால நின்னுச்சு?" என்று கேளுங்கள். சித்தப்பாவிடம் அப்படிக் கேட்டதற்கு மழையைச் சொன்னார். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட முடியாது, தறிக் குழியில் ஈரம் ஏறிவிடும், நூல் அறும். பிறகு அந்த நாட்களில் யார் வீட்டில் கடன் கேட்டார், யார் கொடுக்கவில்லை என்று தானாகவே சொல்லத் தொடங்கினார். இப்போது எழுதிக்கொண்டிருப்பது அதைத்தான்.