அ முதல் ஔ வரை பாடுகிறாள், தனியே காட்டினால் தெரியவில்லை

மஞ்சக்குப்பம்_அம்மா:
மகளுக்கு நாலரை வயசு. உயிரெழுத்து 12-ஐயும் ஒரே மூச்சுல பாடுறா. 'எ'வை மட்டும் தனியா காட்டினா, அ-விலிருந்து பாடிக்கிட்டே வந்துதான் சொல்றா. எல்கேஜியில தினமும் 2 பக்கம் எழுதச் சொல்றாங்க, கை வலிக்குதுன்னு அழுகை. வீட்டுல என்ன செய்யலாம்? இன்னொண்ணு, வாழைப்பழம் இன்னும் 'வாயப்பயம்'தான்.

பால்வாடி_டீச்சர்_புவனகிரி:
பாட்டு வரிசை மனசுல இருக்கு. வடிவமும் ஒலியும் இன்னும் ஒட்டலை, அவ்வளவுதான். பாட்டை நிறுத்த வேண்டாம், ஆனா அதை வெச்சுக் கேள்வி கேக்காதீங்க.

முதல்ல காது பழகணும். 'கடலூர்'னு சொல்லிக் கைதட்டுங்க: க-ட-லூர், 3 தட்டு. 'முதல் தட்டு என்ன? அதே க-வுல கப்பல், கத்தரிக்கா, வேற?' பஸ்ஸுக்கு நிக்கிற நேரம் போதும்.

எழுத்தை வடிவ வரிசையில கொடுங்க: ட, ப, ம. ட-வுக்கு வலப்பக்கம் ஒரு கோடு ஏத்தினா ப. ம-வுக்குப் புள்ளி வெச்சு ம் ஆக்கினதும் வாயை மூடிக் காட்டுங்க. படம், மடம் வந்துடும். ட்-டும் சேர்த்தா பட்டம். வாரம் 2 எழுத்துக்கு மேல வேண்டாம். அடுத்து ர, க, ல: மரம், கடல், பல், பகல். 'பகல்'ல க மெலிஞ்சு ஒலிக்கும். 'பக்கல்'னு வாசிச்சா திட்டாதீங்க. இடத்துக்கு ஏத்த மாதிரி ஒலி மாறுறது தமிழோட இயல்பு. தெரிஞ்ச சொல்லா இருந்தா காதே திருத்திக்கும்.

நிறைய பிள்ளைங்க தடுக்கி விழுறது கொம்புலதான். 'கெ'யில கொம்பு முன்னால நிக்குது, ஒலியோ க்-குக்குப் பின்னால வருது. 'கொ'வுல ரெண்டு பக்கமும் குறி. அதனால துணைக்கால், கொக்கி எல்லாம் படிஞ்ச பிறகே கொம்பு.

பேச்சுப்பயிற்சி_புதுவை:
ழ, ற ரெண்டும் கடைசியா வர்ற ஒலிகள். நாலரை வயசுல ழ வராதது கோளாறு இல்ல. 'திரும்பச் சொல்லு'ன்னு நிக்க வைக்காம, நீங்க சரியாச் சொல்லிட்டுப் பேச்சைத் தொடருங்க. 'மீன் போச்சு'ன்னா, 'ஆமா, நெத்திலி மீன் தண்ணியில நீந்திப் போச்சு'. கேள்வி கேட்டா மனசுக்குள்ள 5 எண்ணுற வரை காத்திருங்க. நாமளே பதிலை முந்திச் சொல்றதாலதான் பல குழந்தைங்க வாயே திறக்கறதில்ல.

கவனிக்க வேண்டியது வேற. 16 மாசத்துல ஒரு சொல்லும் இல்ல, 2 வயசுல 'பால் வேணும்' மாதிரி சொந்தமா ரெண்டு சொல் சேரல, வந்த பேச்சு நின்னுபோச்சு: இதுல எதுவானாலும் முதல்ல காது சோதனை. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில காது-மூக்கு-தொண்டைப் பிரிவுல காட்டலாம். 'ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும்'னு தள்ளிப்போடக் கூடாது.

மஞ்சக்குப்பம்_அம்மா:
ரொம்ப நன்றிங்க. அந்த ரெண்டு பக்கம்?

பால்வாடி_டீச்சர்_புவனகிரி:
மிஸ்கிட்ட பேசி 2 வரியாக் குறைக்கச் சொல்லுங்க. விரல் தசை இன்னும் உறுதியாகலை. அதுவரை தாம்பாளத்துல ரவையை மெல்லிசாப் பரப்பி விரலால எழுதட்டும், இல்ல தேவனாம்பட்டினம் கடற்கரை ஈர மணல்ல குச்சியால. சிலேட்டுன்னா முழு பல்பம் வேண்டாம், ரெண்டு சென்டிமீட்டர் துண்டாக் கொடுங்க. முழுசா இருந்தா உள்ளங்கையில இறுக்கிப் பிடிக்கும், துண்டுன்னா 3 விரலால பிடிச்சே ஆகணும்.