1978–84 போஸ்ட்-பங்க் இசைத்தட்டுகள்: தேடுவது, அச்சை அடையாளம் காண்பது, கணினிக்கு மாற்றுவது

சுருதிபேதம்:

வணக்கம் நண்பர்களே. யங் மார்பிள் ஜயன்ட்ஸ், த சவுண்ட், ஜோசஃப் கே போன்ற போஸ்ட்-பங்க் (பங்க் ராக்குக்குப் பின் எழுந்த இசை) குழுக்களில் ஆரம்பித்து, அதே காலத்தில் ஓரிரு சிங்கிளோடு (ஒன்றிரண்டு பாடல் மட்டுமுள்ள சிறு தட்டு) நின்றுபோன, சின்ன லேபிள் (தட்டு வெளியிடும் நிறுவனம்) குழுக்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஸ்ட்ரீமிங் தளங்கள் எதைக் கேட்டாலும் சுற்றிச் சுற்றி அதே முப்பது பெயர்களைத்தான் காட்டுகின்றன. அதற்கு அப்பால் போக ஒழுங்கான வழி இருக்கிறதா?

இன்னொன்று, வாங்கும்போது அது முதல் அச்சா, பின்னால் வந்த மறுபதிப்பா, கள்ள அச்சா என்று விற்பவர் போடும் படங்களை வைத்தே எப்படிச் சொல்வது? கடைசியாக, மறுபதிப்பே வராத 7 அங்குலத் தட்டுகளைக் கணினிக்கு மாற்ற வேண்டும். கீறல் சத்தத்தை நீக்கினால் டிரம்ஸும் சேர்ந்து மங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

ஏழங்குலம்:

தேடுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குழுவின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் சீக்கிரம் முட்டுச்சந்துதான். தட்டு உருவாகக் காரணமான மற்றவற்றைப் பிடியுங்கள்: ஸ்டுடியோ, லேபிளின் பட்டியல் எண் (ஒவ்வொரு வெளியீட்டுக்கும் லேபிள் தரும் வரிசை எண்), ஊர்த் தொகுப்பு (ஒரே ஊர்க் குழுக்களின் பாடல்கள் சேர்ந்த தட்டு), உறுப்பினர்கள் பிறகு போன இடம்.

ஸ்டுடியோதான் அதிகம் தரும் வழி. கேம்பிரிட்ஜில் இருந்த ஸ்பேஸ்வர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வெல் மேப்ஸின் முதல் சிங்கிள், ஸ்க்ரிட்டி பொலிட்டியின் ‘ஸ்கேங்க் பிளாக் பலோன்யா’ (1978), ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸின் முதல் ஆல்பம் எல்லாம் அங்கே பதிவானவை. டிஸ்காக்ஸ் என்ற இணைய இசைத்தட்டுத் தரவுத்தளத்தில் இவற்றில் ஏதாவது ஒன்றின் பக்கத்தைத் திறந்து, ‘பதிவான இடம்’ என்ற வரியில் ஸ்டுடியோ பெயரைச் சொடுக்குங்கள். அங்கே பதிவான தட்டுகளின் பட்டியல் வரும். ஆண்டு வாரியாக அடுக்கி 1977 முதல் 1982 வரை ஒவ்வொன்றாகப் பாருங்கள். குறைந்த செலவில் ஒரே நாளில் பதிவு செய்துவிட்டுப் போன குழுக்கள் கூட்டமாகக் கிடைக்கும். ஸ்க்ரிட்டியின் அந்த உறையில் ஒலிப்பதிவு, அச்சு, லேபிள் என்று ஒவ்வொன்றுக்கும் ஆன செலவையே அச்சிட்டிருந்தார்கள். அந்தக் காலத்து உறைகளின் பின்பக்கம் அப்படித்தான். படத்தைப் பெரிதாக்கி ஒரு வரி விடாமல் படியுங்கள்.

அடுத்தது ஊர்த் தொகுப்புகள். யங் மார்பிள் ஜயன்ட்ஸின் பாடல்கள் முதலில் வெளிவந்ததே 1979இல் கார்டிஃபின் இஸட் பிளாக் லேபிள் போட்ட ‘இஸ் த வார் ஓவர்?’ தொகுப்பில்தான். ஷெஃபீல்டுக்கு 1980இல் வந்த ‘பூகே ஆஃப் ஸ்டீல்’ இருக்கிறது. இதிலெல்லாம் நமக்குத் தெரிந்த குழு ஒன்றிரண்டு இருந்தால், மற்றவை அத்தனையும் நீங்கள் தேடுகிற ரகம். ஹைப்ட் டு டெத் என்ற லேபிள் வெளியிட்ட ‘மெஸ்தெடிக்ஸ்’ சிடி வரிசை இந்த வேலையை நமக்காகவே செய்து வைத்திருக்கிறது. முதலில் அகர வரிசை, பின்னர் ஊர் வாரியாக. கையில் கிடைத்தால் விடாதீர்கள்.

பட்டியல் எண் வழி சின்ன லேபிள்களுக்குப் பொருந்தும். நியூசிலாந்தின் ஃப்ளையிங் நன், 1981இல் கிரைஸ்ட்சர்ச்சில் ரோஜர் ஷெப்பர்ட் தொடங்கியது. முதல் எண் ‘த பின் குரூப்’ என்ற குழுவின் ‘ஆம்பிவலன்ஸ்’, இரண்டாவது த கிளீனின் ‘டேலி ஹோ!’. அங்கிருந்து வரிசையாக இறங்கினால் ‘பூடில் பூடில் பூடில்’, பிறகு 1982இன் ‘டனீடன் டபுள்’. த சில்ஸ், த வெர்லெய்ன்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ், த ஸ்டோன்ஸ் என்று நான்கு குழுக்களும் அந்த ஒரே தட்டில் அறிமுகம். இசைக்கலைஞர் கிறிஸ் நாக்ஸின் 4 டிராக் டியாக் டேப் கருவியில் பதிவான ஒலி அது. அந்தக் கருவியின் பெயர் வரும் தட்டுகளை மட்டும் பின்தொடர்ந்தாலே ஒரு வருடத்துக்குக் கேட்க இருக்கிறது.

உறுப்பினர் வழியில் இரண்டு கிளைகள் சொல்கிறேன். யங் மார்பிள் ஜயன்ட்ஸ் பிரிந்தபின் ஸ்டூவர்ட் மாக்ஸம் த ஜிஸ்ட் என்ற பெயரில் ‘எம்ப்ரேஸ் த ஹெர்ட்’, அலிசன் ஸ்டாட்டன் வீக்கெண்ட் குழுவில் ‘லா வரியெட்டே’. இரண்டுமே 1982. த சவுண்டின் ஏட்ரியன் போர்லாண்டுக்கு முன்னால் த அவுட்சைடர்ஸ், பக்கவாட்டில் செகண்ட் லேயர். செகண்ட் லேயரின் ‘வேர்ல்டு ஆஃப் ரப்பர்’ கேட்காமல் த சவுண்டை முழுதாகக் கேட்டதாகச் சொல்லவே முடியாது என்பது என் உறுதியான கருத்து.

ரன்அவுட்:

அச்சை அடையாளம் காண ஒரே நம்பகமான இடம், கடைசிப் பாட்டு முடிந்து நடுவிலுள்ள காகித லேபிள் தொடங்கும் வரை உள்ள வெற்று வளையம். உறையை மாற்றி வைக்கலாம், உள்ளுறையை மாற்றி வைக்கலாம். வளையத்தில் இருப்பதை மாற்ற முடியாது.

விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: தட்டை மேசையில் வைத்து, டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் பிடித்து, வளையத்தை நான்கு துண்டாக, இரண்டு பக்கத்துக்கும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேராக ஃப்ளாஷ் அடித்த படத்தில் எதுவும் தெரியாது. கிடைத்ததை எழுத்துக்கு எழுத்து குறியுங்கள், அடித்துத் திருத்தியதையும் விடாமல். பிறகு டிஸ்காக்ஸில் அதே ஆல்பத்தின் எல்லாப் பதிப்புகளோடும் ஒப்பிடுங்கள்.

பொதுவாகப் பட்டியல் எண், பக்கம், வெட்டு எண் என்ற வரிசையில் இருக்கும். ‘ஏ-1’ என்றால் அந்தப் பக்கத்துக்கான முதல் லாக்கர் (அச்சுக்கு மூலமாக ஒலியை வெட்டிப் பதியும் தட்டு) வெட்டு என்று அர்த்தம், அவ்வளவுதான். அதே உலோக அச்சை வைத்து இரண்டு வருடம் கழித்தும் தட்டு அடித்திருப்பார்கள். அதனால் ‘ஏ-1’ஐ மட்டும் பார்த்து முதல் அச்சு என்று விலை வைப்பவரிடம் வாங்காதீர்கள். கூடவே லேபிளின் நிறம், அதிலுள்ள முகவரி, உறையின் முதுகு எல்லாம் பொருந்த வேண்டும். ‘எ போர்க்கி பிரைம் கட்’ என்று கையால் கீறியிருந்தால் அது ஜார்ஜ் பெக்கம் என்ற வெட்டுப் பொறியாளரின் கையொப்பம். அவர் பல லேபிள்களுக்கு வெட்டியவர். எம்.பி.ஓ. என்று இருந்தால் பிரான்ஸில் அடித்தது. பிரிட்டிஷ் சிறு லேபிள்கள் அங்கே அடிப்பது சகஜம், அதைப் பார்த்து வெளிநாட்டுப் பதிப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

கள்ள அச்சுக்கு மூன்று அறிகுறிகள். அச்சிட்ட உறையை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டதால் சின்ன எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும், சாம்பல் பகுதிகளில் வலை போன்ற கோலம் தெரியும். அசலில் கையால் கீறியிருந்த இடத்தில் எந்திர எழுத்து இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. சில சமயம் எடை 180 கிராம் வரை இருக்கும். 1980இன் சாதாரண பிரிட்டிஷ் எல்.பி. (முழு ஆல்பத் தட்டு) 110 முதல் 140 கிராம்தான்.

எந்த நாட்டுப் பதிப்பு என்பதும் முக்கியம். த கமீலியன்ஸின் ‘ஸ்க்ரிப்ட் ஆஃப் த பிரிட்ஜ்’ (1983) பிரிட்டனில் ஸ்டாட்டிக் லேபிளில் 12 பாடல்கள். அமெரிக்காவில் எம்.சி.ஏ. போட்டபோது நான்கைத் தூக்கிவிட்டார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று அமெரிக்க அச்சை எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு இல்லாத ஆல்பம்தான் கைக்கு வரும்.

மறுபதிப்பு என்றாலே இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. பைலானின் ‘ஜைரேட்’ (நியூ வெஸ்ட், 2020), த ஃபீலீஸின் ‘கிரேஸி ரிதம்ஸ்’ (பார்/நன், 2009) இரண்டும் தாராளமாக வாங்கலாம்.

சுருதிபேதம்:

இருவருக்கும் மிக்க நன்றி. இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு 1980 எல்.பி.யில் கையால் கீறிய ‘ஏ-1’, ‘பி-2’, போர்க்கி எல்லாம் இருக்கிறது. ஆனால் உறையின் பின்னால் பார்கோடு. இது என்ன கணக்கு?

ரன்அவுட்:

1980இல் பிரிட்டிஷ் சிறு லேபிள் உறைகளில் பார்கோடு அநேகமாக இருக்காது. பழைய உலோக அச்சிலிருந்தே பின்னால் அடித்து, புது உறையில் போட்டது என்றுதான் கொள்ள வேண்டும். ஒலி அசலுக்கு மிக அருகில் இருக்கும். கேட்பதற்கு என்றால் வாங்குங்கள், முதல் அச்சின் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

மின்காந்தம்:

கணினிக்கு மாற்றுவது. மென்பொருளுக்கு முன்னால் ஊசி. பழைய தட்டில் முன்பு ஓட்டியவரின் ஊசி ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் பள்ளத்தின் சுவரைத் தேய்த்திருக்கும். மைக்ரோலைன் ஊசி சுவரில் நீளமாகப் படிவதால் தேயாத பகுதியையும் படிக்கும். ஆடியோ-டெக்னிகா விஎம்95எம்எல் என்ற ஊசிக் கார்ட்ரிஜ் போதும், அழுத்தம் 2.0 கிராம், சிறு டிஜிட்டல் தராசில் நிறுத்து வையுங்கள். பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ்’ ஒலி சிதறுவது இதனால் கணிசமாகக் குறையும். தேய்ந்துபோனது தேய்ந்ததுதான், எந்தக் கழுவலும் திருப்பித் தராது.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். உச்சம் −6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 20 நிமிடப் பக்கம் ஒன்றுக்குச் சுமார் 690 எம்.பி. ஆகும். அந்த மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள். முதலில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, பிறகு கீறல் நீக்கம், பிறகு பாடல் பிரிப்பு, ஒலியளவு உயர்த்துவது கடைசியில்.

இப்போது உங்கள் டிரம்ஸ் பிரச்சினை. கீறல் நீக்கும் மென்பொருள் தேடுவது, திடீரென எழுந்து உடனே அடங்கும் கூர்மையை. யங் மார்பிள் ஜயன்ட்ஸின் டிரம் மெஷின் தட்டலும் அதே வடிவம்தான். கேங் ஆஃப் ஃபோர் மாதிரி வெட்டி வெட்டி அடிக்கும் கிட்டார், விளிம்பில் அடிக்கும் ஸ்னேர், எல்லாமே மென்பொருளின் கண்ணுக்குக் கீறல். பியானோ இசைத்தட்டுக்கு ஒத்துவரும் அமைப்பு இந்த இசையைத் தின்றுவிடும். அதனால் நீக்கியபின் மிஞ்சியதைக் கேட்காதீர்கள், நீக்கப்பட்டதைக் கேளுங்கள். ஐசோடோப் ஆர்எக்ஸ் மென்பொருளில் ‘கிளிக் மட்டும்’ என்று வெளியிடும் வசதி இருக்கிறது. ஆடாசிட்டி என்ற மென்பொருளில் அது இல்லை, அங்கே டிராக்கை நகலெடுத்து, ஒன்றில் கீறல் நீக்கம் செய்து, மற்றதைத் தலைகீழாக்கி, இரண்டையும் கலந்தால் வேறுபாடு மட்டும் மிஞ்சும். அதில் ஒழுங்கில்லாத படபடப்பு மட்டும் கேட்டால் சரி. தாளம் கேட்டால் நீங்கள் டிரம்ஸைத்தான் நீக்கியிருக்கிறீர்கள்.

ஆடாசிட்டியில் தொடக்க அளவு, த்ரெஷோல்டு (எதைக் கீறலாகக் கருதுவது என்ற வரம்பு) 200, அகலம் (கீறலின் நீளம்) 20. த்ரெஷோல்டைக் குறைத்தால்தான் அது இன்னும் மூர்க்கமாக நீக்கும், பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். தாளம் கேட்கிற வரை குறைத்து, பிறகு தாளம் மறையும் வரை ஏற்றுங்கள். மிஞ்சும் பெரிய வெடிப்புகளைக் கையால், ‘ரிப்பேர்’ கொண்டு சரிசெய்யுங்கள். அது ஒரு தடவைக்கு 128 மாதிரிகள் (ஒலியைக் கணினி அளந்து வைக்கும் புள்ளிகள்) மட்டுமே ஏற்கும். 96 கிலோஹெர்ட்ஸில் அது 1.3 மில்லி செகண்டுதான், ஆகவே அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சிங்கிளுக்கு ஒரு மாலை போகும். மறுபதிப்பே இல்லாத தட்டுக்கு அந்த உழைப்பு தகும்.

இன்னொரு முக்கியமான விஷயம், தட்டு மோனோவா (இரண்டு சேனலிலும் ஒரே ஒலியா) என்று பாருங்கள். ஒரு சேனலைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால் இசை ஏறக்குறைய மறைந்துவிட்டால் மோனோ. அப்படியானால் இரண்டு சேனலையும் சேர்த்து ஒன்றாக்குங்கள், இரைச்சல் சுமார் 3 டெசிபல் இறங்கும், இசைக்கு ஒரு பாதகமும் இல்லை. த டெஸ்பரேட் பைசிக்கிள்ஸின் முதல் சிங்கிள் (1977) இதற்கு நல்ல உதாரணம். மோனோ மட்டுமில்லை, இரண்டு பக்கத்திலும் அதே இரண்டு பாடல்கள். எந்தப் பக்கம் குறைவாகத் தேய்ந்திருக்கிறதோ அதை எடுக்கலாம், வெடிப்பு விழுந்த இடத்தை மறுபக்கத்திலிருந்து ஒட்டவும் செய்யலாம்.

ஈரத்துணி:

பதிவதற்கு முன் கழுவுவதை யாரும் சொல்லவில்லையே. காய்ச்சி வடித்த நீர் 3 பங்கு, 99% ஐசோப்ரொப்பைல் 1 பங்கு, லிட்டருக்கு ஃபிலிம் கழுவும் வெட்டிங் ஏஜென்ட் சில துளிகள். பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, பின் வெறும் வடிநீரால் இரண்டாம் முறை. இந்த இரண்டாம் கழுவலை விட்டால் காய்ந்த படிவு ஊசியில் சேர்ந்து, பாதிப் பக்கத்திலேயே ஒலி மங்கும். அமெரிக்க 7 அங்குலத் தட்டுகளில் சில ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றில் ஆல்கஹால் படவே கூடாது, வடிநீர் மட்டும். குழாய்த் தண்ணீர் எதற்கும் வேண்டாம், சுண்ணாம்பு படியும்.

பி.வி.சி. உறையில் பல வருடம் கிடந்த தட்டில் பால் போல மூட்டம் படிந்திருந்தால் அது அழுக்கு அல்ல, பிளாஸ்டிக்கின் வேதிப்பொருள் தட்டைத் தாக்கியது. கழுவினாலும் போகாது. வாங்கியவுடன் பாலிஎத்திலீன் உள்ளுறைக்கு மாற்றுங்கள்.

உறையே எதிரியான இரண்டு தட்டுகள் இருக்கின்றன. த டுருட்டி காலமின் முதல் ஆல்பத்தின் (பட்டியல் எண் ஃபேக்ட் 14, 1980) முதல் பதிப்பு உப்புத்தாள் உறையில் வந்தது; தனிப் பிளாஸ்டிக் உறை போடாமல் அலமாரியில் நிறுத்தினால் இரண்டு பக்கத்திலும் உள்ள உறைகளைச் சுரண்டிவிடும். பிஐஎல் (பப்ளிக் இமேஜ் லிமிடெட்) குழுவின் ‘மெட்டல் பாக்ஸ்’ (1979) மூன்று 12 அங்குலத் தட்டுகள், நிமிடத்துக்கு 45 சுற்று, தகர டப்பாவில் நெருக்கமாக. நடுவில் வட்டக் காகிதம் மட்டுமே என்பதால் எடுக்கும்போதெல்லாம் கீறும். தட்டுகளைத் தனி உறையில் வையுங்கள், டப்பாவைத் துருப் பிடிக்காமல் உலர்ந்த இடத்தில் காலியாக வையுங்கள்.