பச்சைக் கொடியை அமுக்கும் முன்பே எரிந்த விளக்கு: ராஸ்பெரி பை, ஸ்க்ராட்ச் அனுபவங்கள்

சனிக்கிழமை வாத்தியார்:

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டை வைத்துச் சின்னச் சின்ன மின்னணு வேலைகள் சொல்லித்தருகிறேன். பிளாக்குகளை இழுத்துச் சேர்த்துப் புரோகிராம் செய்கிற ஸ்க்ராட்ச்சில் பூனையை ஓடவிடுவதில் எல்லாரும் கெட்டிக்காரர்கள். பூனையை விட்டுவிட்டு, மேசைமேல் இருக்கிற எல்இடியை எரிய வை என்று சொன்னால்தான் கதை தொடங்குகிறது. உங்களிடமும் இப்படி ஏதாவது இருக்கும், எழுதுங்கள். முதலில் என்னுடையது.

எங்களிடம் இருப்பது 2 ஜிபி ராம் உள்ள பை 4. ஸ்க்ராட்ச் 3 நிம்மதியாக ஓட அதுவாவது வேண்டும். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் 'சிம்பிள் எலக்ட்ரானிக்ஸ்' என்பதைச் சேர்த்தால் எல்இடிக்கும் பொத்தானுக்கும் தனி பிளாக்குகள் வந்துவிடும். போர்டில் வரிசையாக நிற்கிற கம்பிக் கால்களில், அதாவது பின்களில், எது என்று எண்ணைத் தேர்ந்தெடுத்தால் போதும். அந்த எண்ணில்தான் வினை.

பாடத்தாளில் 17 என்று போட்டிருந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு என்று போர்டின் மூலையிலிருந்து எண்ணிக்கொண்டே போய், பதினேழாவது பின்னில் வயரைச் செருகினாள். எல்இடி எரிந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் மட்டும், "சார், நான் இன்னும் பச்சைக் கொடியை அமுக்கவே இல்லையே" என்றாள்.

புரோகிராமைத் தொடங்கிவைக்கிற அந்தக் கொடியை அமுக்கினாள். ஒரு வினாடி எரிந்து ஒரு வினாடி அணைய வேண்டிய விளக்கு, அசையாமல் எரிந்துகொண்டே இருந்தது. எல்இடி கெட்டுவிட்டது என்றான் ஒருவன். கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது என்றான் இன்னொருவன். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் புரோகிராமை நிறுத்தினாள், விளக்கு எரிந்தது. ஸ்க்ராட்ச்சையே மூடினாள், அப்போதும் எரிந்தது. "அப்ப இதுக்கும் ஸ்க்ராட்ச்சுக்கும் சம்பந்தமே இல்ல சார், இது நேரா கரன்ட்ல இருக்கு" என்று முடித்தாள்.

அவ்வளவுதான் விஷயம். பாடத்தாளில் இருந்தது ஜிபிஐஓ 17. ஜிபிஐஓ என்றால் புரோகிராம் கட்டுப்படுத்தக்கூடிய பின், 17 என்பது சிப் தன் கால்களுக்கு வைத்திருக்கிற எண். போர்டில் அது இருப்பது 11ஆவது இடத்தில். 17ஆவது இடத்தில் இருப்பதோ எந்த நேரமும் 3.3 வோல்ட் தந்துகொண்டிருக்கிற பின். டெர்மினலில் 'பின்அவுட்' என்ற கட்டளையைக் கொடுத்தால் 40 பின்களின் வரைபடம் அப்படியே வந்துவிடும். அதை முதல் நாளே காட்டிவிடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் காட்டுவதில்லை. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த அந்தப் பத்து நிமிடம் மற்றவர்களுக்கும் கிடைக்கட்டுமே.

பழைய டிவி மெக்கானிக்:

அந்தப் பிள்ளை செய்ததற்குப் பெயர்தான் ரிப்பேர் வேலை. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, சம்பந்தம் இல்லாததைக் கழித்துக்கொண்டே வருவது. கையைக் கொடுங்கள் அவளுக்கு.

பிக்சர் டியூப் டிவியில் இருபத்தைந்தாயிரம் வோல்ட் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவன் நான். 3.3 வோல்ட் என்றதும் சிரிப்புத்தான் வந்தது. பேரனோடு உட்கார்ந்த பிறகுதான் இதன் குணம் தெரிந்தது. இங்கே ஆபத்து நமக்கு இல்லை, போர்டுக்கு. ஜிபிஐஓ பின்னில் 5 வோல்ட் பட்டால் புகையும் வராமல், சத்தமும் இல்லாமல் அந்தப் பின் செத்துப் போகலாம். சமயத்தில் போர்டே போய்விடும். அந்த 5 வோல்ட் பின்களோ 2ஆம், 4ஆம் இடத்தில், கை முதலில் போகிற மூலையிலேயே இருக்கின்றன. அவை இரண்டிலும் சின்ன ஸ்லீவ் மாட்டி வைத்திருக்கிறேன். எதற்கு வேண்டும் என்று பேரன் காரணம் சொன்னால் கழற்றித் தருவேன்.

"ரெசிஸ்டர் இல்லாமலும் எரியுதே தாத்தா, எதுக்கு அது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1.3. அதை ரெசிஸ்டரின் 330 ஓமால் வகுத்தால் 4 மில்லி ஆம்பியர். பின்னுக்கு அது ஒன்றும் பாரமில்லை. ரெசிஸ்டரை எடுத்துவிட்டால் எவ்வளவு இழுக்கும் என்று கட்டுப்படுத்த ஆளே கிடையாது. ஒரு பின்னிலிருந்து 16 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. இன்னொன்று: நீலத்துக்கும் வெள்ளைக்கும் மூன்று வோல்ட் அளவுக்கு வேண்டும். 330 போட்டால் மங்கலாகத்தான் தெரியும். எல்இடி கெட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

பற்றவைக்காமல் வயரைச் செருகிச் சேர்க்கிற பிரெட்போர்டையும் நம்பிவிடாதீர்கள். நீள போர்டுகள் சிலவற்றில் ஓரத்துச் சிவப்பு, நீலக் கோடுகளுக்கு அடியில் உள்ள தகடு பாதியிலேயே அறுந்திருக்கும். கோடும் அங்கே விட்டிருந்தால் கண்டுபிடித்துவிடலாம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் வாங்கியதில் கோடு முழுசாக அச்சடித்திருந்தது, உள்ளே தகடு இரண்டு துண்டு. மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்துப் பேரன்தான் கண்டுபிடித்தான். பீப் வராத இடத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சிராங்கூன் அம்மா:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். மகளுக்குப் பத்து வயது. தம்பி அறைக்குள் வந்தால் அலாரம் அடிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய வாழ்க்கை லட்சியம். சிம் லிம் டவரில், உடம்புச் சூட்டை வைத்து ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கிற பிஐஆர் சென்சார் ஒன்று வாங்கினோம். (கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற சிம் லிம் ஸ்கொயர் இல்லை, உதிரிப் பொருள் கிடைக்கிற டவர்.) கடைக்காரர் தூரம் அளக்கிற அல்ட்ராசானிக் சென்சாரையும் காட்டினார். அதன் எக்கோ பின் 5 வோல்ட் திருப்பி அனுப்பும், இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைக்க வேண்டும், தவிர மைக்ரோ வினாடிக் கணக்கில் நேரம் அளக்க ஸ்க்ராட்ச்சுக்கு வேகமும் போதாது. அதனால் வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

பிஐஆருக்குக் கரன்ட் 5 வோல்ட், ஆனால் பதில் 3.3 வோல்ட்டில் வரும். நேராகவே மாட்டலாம். ஒரு விஷயம், இதற்குப் பொத்தான் பிளாக் சரிவராது. பொத்தானை அமுக்கினால் பின் கிரவுண்டுக்கு, அதாவது 0 வோல்ட்டுக்குப் போகும், பிஐஆர் ஆளைப் பார்த்தால் பின் 3.3 வோல்ட்டுக்கு ஏறும். இரண்டும் நேர் எதிர். 'ராஸ்பெரி பை ஜிபிஐஓ' எக்ஸ்டென்ஷனில் பின் ஹையாக இருக்கிறதா என்று கேட்கிற பிளாக் இருக்கிறது, அதுதான் வேண்டும்.

மாட்டியவுடன் யாரும் இல்லாமலே அலாரம் அடித்தது. கரன்ட் கொடுத்ததும் அறையின் வெப்பத்தோடு பழக அதற்கு ஒரு நிமிடம் வரை ஆகும் என்பதால், புரோகிராமின் தொடக்கத்தில் 60 வினாடி காத்திரு என்று சேர்த்தாள். அப்புறம் பின்பக்கம் இரண்டு ஆரஞ்சுத் திருகுகள். ஒன்று எவ்வளவு தூரம் என்பதற்கு, மற்றது எவ்வளவு நேரம் என்பதற்கு.

வேடிக்கை என்னவென்றால், அதை ஏமாற்றுகிற வழியைத் தம்பிதான் கண்டுபிடித்தான். பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று குதித்தான், ஆடினான். அலாரம் மூச்சுவிடவில்லை. உடம்புச் சூட்டிலிருந்து வருகிற அகச்சிவப்புக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும் என்று நான் சொன்னதும், போர்வையைப் போர்த்திக்கொண்டு மெதுவாக ஊர்ந்து வரப் பார்த்தான். அதில் பாதி வெற்றி. இப்போது இருவரும் சேர்ந்து எது எது மறைக்கும் என்று பட்டியல் எழுதுகிறார்கள். அலாரத்தை மறந்தாயிற்று.

வடமராட்சி:

எங்கள் பாடசாலைக்கு அன்பளிப்பாகக் கிடைத்தவை 2012இல் வந்த முதல் தலைமுறை மொடல் பி போர்டுகள். 40 பின் எல்லாம் 2014இல் பி பிளஸ் மொடலோடுதான் வந்தது. எங்களுடையதில் 26தான். ஸ்க்ராட்ச் 3 அதில் நினைத்தும் பார்க்கேலாது. எனவே ஸ்க்ராட்ச் 1.4. அதிலே எல்இடி பிளாக் என்று ஒன்றும் கிடையாது. செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் பிளாக்கில் ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல், 'ஜிபிஐஓ17ஆன்' என்று எழுதவேண்டும். அதற்கு முன், பின்களைக் கையாளும் ஜிபிஐஓ சேர்வரை ஆன் செய்ய ஒரு செய்தி, 17ஐ அவுட், அதாவது கரன்ட் வெளியே தரும் பின் ஆக்க ஒரு செய்தி.

எழுத்தொன்று பிசகினாலும் அது பிழை என்று சொல்லாது. கேட்க ஆளில்லாத இன்னொரு செய்தி என்று எண்ணிப் பேசாமல் இருக்கும். பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலில் இவ்வளவு கவனம் வந்ததற்கு ஆங்கில ஆசிரியை எனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்! பழைய பாடங்களை இணையத்தில் எடுத்துப் பை 4இல் முயல்கிறவர்கள் கவனிக்க: அந்தச் செய்தி முறை ஸ்க்ராட்ச் 3இல் வேலை செய்யாது.

மாடித் தொட்டி:

மதுரை. எனக்குப் பூனையெல்லாம் ஒத்துவராது, நான் நோட்-ரெட் ஆள். ஐபிஎம்மில் 2013இல் உருவானது. பிரவுசரில் பெட்டிகளை வைத்துக் கோடு இழுத்துச் சேர்ப்பதுதான் புரோகிராம். மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் கீழ்வீட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிடுவார், அதுதான் எங்கள் வீட்டுப் பழைய அலாரம். தொட்டிக்குள் ஒரு மிதவை ஸ்விட்ச் போட்டேன். பையின் கண்ணுக்கு அது வெறும் பொத்தான். நீர் ஏறினால் அமுங்கும், பசர் அடிக்கும்.

தண்ணீர் விழுகிற அலையில் மிதவை ஆடியதால் பசர் விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தது. தொடர்ந்து ஐந்து வினாடி அமுங்கியிருந்தால் மட்டும் அடி என்று டிரிக்கர் நோட் என்ற பெட்டியில் வைத்ததும் அடங்கியது. பசர் அடித்தால் வீட்டில் யாராவது போய் மோட்டாரை நிறுத்துவார்கள். தானாக நிறுத்தலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். 230 வோல்ட் பக்கம் நான் போவதாக இல்லை, அது எலக்ட்ரீஷியன் வேலை.

நேர்வழி:

கேட்கிறேன், தப்பா நினைக்காதீங்க. பைத்தான் மொழியில் ஜிபிஐஓ ஸீரோ லைப்ரரி இருக்கிறது, மூன்றே வரியில் எல்இடி மினுக்கும். பிளாக் இழுத்து ஏன் நேரத்தை வீணாக்க வேண்டும்? அதோடு ஒரு எல்இடி எரிய முழு கம்ப்யூட்டரா? ஏற்றிய ஒரு புரோகிராமை மட்டும் ஓட்டுகிற சின்ன பிகோ போர்டு போதாதா?

சனிக்கிழமை வாத்தியார்:

பிகோவைப் பற்றிச் சொன்னது சரி. செய்து முடித்து எங்காவது நிரந்தரமாக மாட்டுவதற்கு அதுதான் மலிவு. ஆனால் அதற்குள் புரோகிராமை ஏற்ற இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும். எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டில் அது இல்லை, டிவி இருக்கிறது. பையை டிவியில் செருகினால் அதுவே கம்ப்யூட்டர்.

ஸ்க்ராட்ச்சை நான் விடாததற்குக் காரணம் வேறு. ஓடிக்கொண்டிருக்கிற பிளாக்குகளைச் சுற்றி மஞ்சள் ஒளி வரும். மஞ்சள் தெரிகிறது, எல்இடி எரியவில்லை என்றால் முதலில் வயரைப் பார்ப்பார்கள், அப்புறம் பின் எண்ணை. மஞ்சளே இல்லை என்றால் பிளாக்கைப் பார்ப்பார்கள். பைத்தானில் இரண்டும் கலந்து, பிள்ளைகள் சரியாக இருக்கிற நிரலைத் திருத்தித் திருத்திக் கெடுக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பைத்தானுக்குத்தான் மாற்றுகிறேன்.

சிராங்கூன் அம்மா:

டிவி மெக்கானிக் ஐயா, ஒரு சந்தேகம். அடுத்ததாகச் சின்ன மோட்டார் ஓட்ட வேண்டும் என்கிறாள். எல்இடி இருந்த இடத்தில் அப்படியே மோட்டாரை மாட்டலாமா?

பழைய டிவி மெக்கானிக்:

மாட்டவே கூடாதம்மா. மோட்டார் கேட்கிற கரன்ட்டை ஜிபிஐஓ பின் தர முடியாது. நிறுத்தும்போது அது எதிர்வோல்டேஜ் வேறு திருப்பி அடிக்கும். எல்293டி என்ற மோட்டார் டிரைவர் சிப் ஒன்று வாங்கி நடுவில் போடுங்கள், எதிர்வோல்டேஜைத் தாங்கும் டயோடு அதற்குள்ளேயே இருக்கிறது. மோட்டாருக்குத் தனி பேட்டரி வையுங்கள். அந்த சிப் கொஞ்சம் வோல்டேஜைத் தானே விழுங்கும், அதனால் 3 வோல்ட் மோட்டாரானாலும் பேட்டரி 5, 6 வோல்ட் இருக்கட்டும். பேட்டரியின் மைனஸையும் பையின் கிரவுண்டையும் சேர்க்க மறக்காதீர்கள். அதைச் சேர்க்காவிட்டால் மஞ்சள் ஒளி வரும், மோட்டார் ஓடாது.