சோலார், காற்றாலை வந்தால் ஊருக்கு என்ன மிஞ்சும்?

மானாவாரி:
விளைச்சல் சரியாக வராத நிலத்தை சோலார் கம்பெனிகள் குத்தகைக்குக் கேட்கின்றன, வேலை கிடைக்கும், ஊர் முன்னேறும் என்கிறார்கள். கட்டி முடித்த பிறகு ஊருக்கு என்ன மிஞ்சும்? ஊரே சேர்ந்து சொந்தமாகப் போடுவது நடக்கிற காரியமா?

காற்றுவெளி:
வேலையை நம்பி நிலத்தைக் கொடுக்காதீர்கள். பேனல் பொருத்தும் மாதங்களில்தான் ஆள் நிறைய வேண்டும், அப்புறம் கழுவ, புல் வெட்ட, காவலுக்கு என்று சிலர் போதும். தொடர்ந்து பணம் வருவது குத்தகையில் அல்லது சோலார், காற்றாலையில் நீங்களே வாங்கும் பங்கில்தான், இதில் பங்குதான் பெரிது. டென்மார்க்கின் சாம்சோ தீவில் சுமார் 4,000 பேர்தான். 2000-ல் அங்கே நிலத்தில் நிறுவிய 11 காற்றாலைகளில் 9 விவசாயிகளுடையவை, 2 கூட்டுறவு மூலம் ஊர்க்காரர்கள் பங்கு வாங்கியவை. அதனால் மின்சாரம் விற்ற காசு தீவிலேயே சுற்றுகிறது. வெளியாள் போட்டிருந்தால் வாடகை மட்டும்தான் தங்கியிருக்கும்.

மேட்டுக்காடு:
டென்மார்க் வரை போகவே வேண்டாம். கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006-ல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை போட்டது, தன் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. குஜராத்தில் துண்டி கிராமத்து விவசாயிகள் 2016-ல் சோலார் பம்பு கூட்டுறவு அமைத்தார்கள். அந்த ஏற்பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பாசனம் போக மிஞ்சிய மின்சாரம் விலைபோகிறது என்பதால் மோட்டாரைச் சும்மா ஓடவிட்டு நிலத்தடி நீரை உறிஞ்சும் ஆசை குறைகிறது, வெயிலும் ஒரு விளைச்சல் மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் கிரிட்டுக்கு (பொது மின்கட்டமைப்புக்கு) விற்க அனுமதியும், நிலையான கொள்முதல் விலையும், உள்ளூரில் கடனும் இல்லையென்றால் எந்தக் கூட்டுறவும் நிற்காது, அதை முதலில் விசாரியுங்கள்.

மானாவாரி:
சரி, கூட்டுறவுக்கு ஆள் சேரவில்லை, குத்தகைதான் வழி என்றால்?

காற்றுவெளி:
ஒரு மெகாவாட் சோலாருக்கு நாலைந்து ஏக்கர் போய்விடும். காற்றாலை என்றால் அடித்தளமும் பாதையும் போக மற்ற இடத்தில் உழலாம். ஒப்பந்தம் பெரும்பாலும் 25 வருடம் ஓடும், ஆகவே வாடகை வருடாவருடம் ஏற வேண்டும், இல்லாவிட்டால் விலைவாசியே அதைத் தின்றுவிடும். காலம் முடிந்தபின் பேனலையும் கான்கிரீட்டையும் அகற்றுவது யார் செலவு, அதற்கு முன்பணம் கட்டியிருக்கிறார்களா, கம்பெனி கைமாறினால் என்ன ஆகும், இவ்வளவும் எழுத்தில் இருக்கட்டும்.

மேட்டுக்காடு:
இன்னொன்று. அந்த நிலத்தில் ஆடு மேய்ப்பவர்களும் வாரத்துக்கு (விளைச்சலில் பங்கு கொடுத்து) உழுபவர்களும் இருப்பார்கள், பட்டா அவர்கள் பெயரில் இருக்காது, வாடகையில் ஒரு காசும் அவர்களுக்குப் போகாது. பேனலை உயர்த்திப் பொருத்தினால் அடியில் ஆடு மேயலாம், பல நாடுகளில் செய்கிறார்கள், புல் வெட்டும் செலவும் மிச்சம். வேலி போடும் முன்பே இதைப் பேசி ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள், பிறகு கேட்டால் எவரும் காது கொடுக்க மாட்டார்கள்.